மணிவிழாப் படங்களை என் கையாலேயே அழித்துவிட்டேன், திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு 58 வயது. என் கணவர் போன வருடம் தவறிவிட்டார். 2022-இல் திருக்கடையூரில் அவருக்கு மணிவிழா நடத்தினோம். அந்தப் படங்களும் மற்ற குடும்பப் படங்களும் கூகுள் ஃபோட்டோஸில் இருந்தன. கொஞ்ச நாளாக ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று வந்துகொண்டே இருந்தது. எல்லாம்தான் கூகுளில் ஏறிவிட்டதே, போனில் இருப்பதை அழித்தால் இடம் கிடைக்கும் என்று நினைத்து, கூகுள் ஃபோட்டோஸைத் திறந்து 2021, 2022 படங்களை மொத்தமாக அழித்தேன். அப்போதும் இடம் போதவில்லை என்று காட்டியதால் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். இது நடந்து மூன்று மாதம் இருக்கும். அப்புறம், சுமார் நாற்பது நாளைக்கு முன்பு, 2023, 2024 படங்களையும் அழித்தேன். அந்த முறை தொட்டியைத் தொடவில்லை. இப்போது பார்த்தால் எதுவுமே இல்லை. போனை ரீசெட் செய்தால் பழைய பேக்கப் வந்துவிடும் என்கிறார் மருமகன். இங்கே ஒரு கடையில் 6000 ரூபாய் கொடுத்தால் கூகுள் சர்வரிலிருந்தே எடுத்துத் தருகிறோம் என்று சொல்லி ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்கிறார்கள். கொடுக்கலாமா? மணிவிழாவில் படம் எடுத்த பழைய போன் டிஸ்பிளே உடைந்து பீரோவில் கிடக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகளிடம் இன்னும் சொல்லவில்லை.
— வாசகி, கோவில்பட்டி

பதில்: அம்மா, உங்கள் கடிதம் வந்த அன்றே சுருக்கமாக ஒரு பதில் அனுப்பிவிட்டேன். உங்கள் விஷயத்தில் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான். இங்கே அதை விரிவாக எழுதுகிறேன். இதே சிக்கலோடு என்னிடம் வருகிறவர்கள் நிறைய, அவர்களுக்கும் உதவும்.

நாற்பது நாளைக்கு முன்பு அழித்த படங்களிலிருந்து தொடங்குவோம். கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆகியிருந்த ஒரு படத்தை அழித்தால் அது 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். அந்த 60 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம். ஆக, உங்களுக்கு இன்னும் இருபது நாள் போல இருக்கிறது. நாளை என்று தள்ளாமல் இன்றே செய்துவிடுங்கள். கூகுள் ஃபோட்டோஸைத் திறந்து, கீழே ‘கலெக்‌ஷன்ஸ்’ என்று இருப்பதைத் தொட்டால் உள்ளே ‘பின்’ அல்லது ‘டிராஷ்’ என்று குப்பைத்தொட்டிப் படத்தோடு ஓர் இடம் இருக்கும். அதில் ஒரு படத்தை அழுத்திப் பிடித்து, மற்றவற்றையும் தேர்ந்தெடுத்து, ‘ரீஸ்டோர்’ என்பதைத் தொடுங்கள். படம் பழைய தேதியிலேயே, இருந்த ஆல்பத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆயிரக்கணக்கில் இருந்தால் போனில் விரல் வலிக்கும். கணினியில் அதே கணக்கில் நுழைந்து செய்வது சுலபம். அந்தப் பக்கத்தில் தொட்டியைக் காலி செய்யும் பொத்தானும் இருக்கும். அதன் பக்கம் போகவே வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேக்கப் ஆகாத படத்துக்கு 60 நாள் கிடையாது, 30 நாள்தான். ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நிறைந்தது போனின் இடமா, கூகுள் கணக்கின் இடமா? இரண்டும் வேறு வேறு, இரண்டுக்கும் அறிவிப்பு ஒன்றுபோலவே வரும், அதனால் பெரும்பாலானவர்கள் குழம்புகிறார்கள். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் அதைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. இப்போது ஆண்ட்ராய்டில் வாட்ஸப் பேக்கப்பும் அதில்தான் சேருகிறது. அது நிறைந்துவிட்டால் புதுப் படங்கள் மேலே ஏறுவது நின்றுவிடும். நீங்கள் ‘எல்லாம் கூகுளில் ஏறிவிட்டது’ என்று நம்பிக்கொண்டிருந்த நாட்களில் 2024-இன் கடைசிப் படங்கள் ஏறாமலேயே இருந்திருக்கலாம். அப்படியானால் அந்தக் கொஞ்சம் படங்கள் 30-ஆம் நாளிலேயே தொட்டியை விட்டுப் போயிருக்கும். தொட்டியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். 2023 படங்கள் முழுசாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

தொட்டி காலியாகத் தெரிந்தாலும் மனம் உடைந்துவிடாதீர்கள். நீங்கள் பார்ப்பது சரியான கணக்குதானா என்று முதலில் பாருங்கள். நம் ஊரில் போன் வாங்கும்போது கடைக்காரரே “ஒரு ஜிமெயில் போட்டுத் தருகிறேன்” என்று புதுக் கணக்கு தொடங்கிக் கொடுத்துவிடுவார். அதன் பெயரும் பாஸ்வேர்டும் நமக்கு நினைவிருக்காது. இப்படி ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று கணக்குகள் இருப்பது சாதாரணம். கூகுள் ஃபோட்டோஸின் மேல்மூலையில் உங்கள் படமோ பெயரின் முதல் எழுத்தோ ஒரு வட்டத்துக்குள் இருக்கும். அதைத் தொட்டால் போனில் உள்ள கணக்குகள் எல்லாம் வரும். ஒவ்வொன்றாக மாற்றி, படங்களையும் தொட்டியையும் பாருங்கள். ‘ஆர்க்கைவ்’ என்ற பகுதியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கை தவறி அங்கே போன படங்கள் முதல் பக்கத்தில் தெரியாது, ஆனால் பத்திரமாக இருக்கும். வாட்ஸப்பில் வந்த படங்களில் எடுத்த தேதி ஒட்டியிருக்காது என்பதால் 2022 படம் 2024-இன் நடுவில் உட்கார்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. தேதியை வைத்து மட்டும் தேடாமல் ‘திருக்கடையூர்’, ‘கோயில்’, ‘மாலை’ என்று சொல் போட்டும் தேடிப் பாருங்கள்.

மருமகன் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் ரீசெட் மட்டும் வேண்டவே வேண்டாம். ரீசெட் செய்தால் போனில் மிச்சமிருப்பதும் போய்விடும். அதற்குப் பிறகு வருவது தொடர்பு எண்கள், ஆப்கள், சில செட்டிங்குகள், அவ்வளவுதான். கூகுள் ஃபோட்டோஸில் இல்லாத படம் அந்த பேக்கப்பிலும் இருக்காது. இப்போதைக்கு இந்த போனில் புதிதாக எதையும் நிறுவாதீர்கள், ‘கிளீனர்’ என்ற பெயரில் வரும் எந்த ஆப்பையும் தொடாதீர்கள்.

இனி, மூன்று மாதத்துக்கு முன்பு அழித்துத் தொட்டியையும் காலி செய்த 2021, 2022 படங்கள். கூகுள் கணக்கிலிருந்து அவை திரும்பாது, அம்மா. இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இல்லாத நம்பிக்கையைக் கொடுத்தால் நீங்கள் அதன் பின்னால் பணத்தையும் நாளையும் தொலைப்பீர்கள். ஒரு படத்தைத் தொட்டியிலிருந்தும் அழித்த பிறகு கூகுள் தன் சர்வர்களிலிருந்து அதை நீக்கத் தொடங்குகிறது. முழுதாக நீங்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும், அவர்களுடைய பேக்கப் அமைப்புகளில் ஆறு மாதம் வரைகூடத் தங்கலாம் என்று அவர்களே தங்கள் கொள்கையில் எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டுத்தான் பலர் “எங்கேயோ இருக்கத்தானே செய்கிறது, எடுத்துக் கொடுக்கக் கூடாதா” என்று கேட்கிறார்கள். அந்தப் பேக்கப், சர்வர் பழுதானால் கூகுள் தன்னை மீட்டுக்கொள்வதற்காக. அதற்குள் போய் ஒருவருடைய படத்தைத் தேடி எடுத்துக்கொள்ள நமக்கு வழி கிடையாது. கூகுள் டிரைவில் அழித்த கோப்புக்காவது உதவிப் பக்கத்தின் வழியாக ஒரு கோரிக்கை வைத்துப் பார்க்கலாம். ஃபோட்டோஸ் படங்களுக்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

கூகுளே திறந்து வைக்காத கதவைக் கோவில்பட்டியிலோ மதுரையிலோ இருக்கிற ஒரு கடை எப்படித் திறக்கும்? “சர்வரிலிருந்து எடுத்துத் தருகிறோம்” என்று யார் சொன்னாலும் அது பொய். நீங்கள் பாஸ்வேர்டு கொடுத்தால் அவர்கள் உங்கள் கணக்குக்குள் போய், நான் மேலே சொன்ன அதே தொட்டியைத் திறந்து, 2023 படங்களை மீட்டுக் காட்டி 6000 ரூபாய் வாங்குவார்கள். அது நல்லவர்களாக இருந்தால். கெட்டவர்களாக இருந்தால் அந்த ஜிமெயிலோடு உங்கள் வங்கித் தகவல், ஆதார் நகல், வாட்ஸப் பேக்கப் எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும். ஏற்கெனவே பாஸ்வேர்டு கொடுத்துவிட்டிருந்தால் இன்றே மாற்றுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்று காட்டும், உங்களுடையது அல்லாததை வெளியேற்றுங்கள். இன்னொன்று: ‘கூகுள் கஸ்டமர் கேர்’ என்று இணையத்தில் தேடிக் கிடைக்கிற தொலைபேசி எண்களைக் கூப்பிடாதீர்கள். அங்கே எடுத்துப் பேசுகிறவர் ஓடிபி கேட்பார், அல்லது உங்கள் திரையை அவர் பார்ப்பதற்கான ஓர் ஆப்பைப் போடச் சொல்வார். படத்தை இழந்த துக்கத்தில் இருப்பவரின் வங்கிக் கணக்கையும் காலி செய்யக் காத்திருக்கும் கூட்டம் அது. அப்படி யாரிடமாவது பணம் இழந்தவர்கள் தாமதிக்காமல், இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

‘போட்டோ ரெக்கவரி’ ஆப்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடுத்து உங்களிடம் யாராவது அதைச் சொல்வார்கள். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்கள் உள்ளே இருக்கிற கோப்புகளைப் பூட்டுச் சாவி போட்டு மறைத்து வைக்கின்றன. கோப்பை அழிக்கும்போது சாவியும் போய்விடும். மிச்சம் இருப்பதைத் தோண்டி எடுத்தாலும் படமாக வாசிக்க முடியாது. இந்த ஆப்கள் பெரும்பாலும் செய்வது, கேலரி தன் வசதிக்கு வைத்திருக்கும் பொடிப் படங்களைக் கண்டுபிடித்துக் காட்டுவது. தபால்தலை அளவில் கணவரின் முகத்தைக் காட்டி, “முழுப் படம் வேண்டுமானால் பணம் கட்டு” என்பார்கள். முழுப் படம் அவர்களிடம் இருக்காது.

சரி, மணிவிழாப் படங்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ‘பழைய போன் டிஸ்பிளே உடைந்து பீரோவில் கிடக்கிறது’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

யோசித்துப் பாருங்கள். மணிவிழாப் படங்கள் எடுக்கப்பட்டது அந்தப் போனில். அங்கிருந்து ஒரு நகல் கூகுளுக்குப் போனது. நீங்கள் அழித்தது கூகுளில் இருந்ததையும் புதுப் போனில் இருந்ததையும்தான். பழைய போன் அப்போது அணைந்து பீரோவில் இருந்தது. அழிக்கச் சொல்லும் செய்தி அதற்குப் போய்ச் சேரவே இல்லை. அந்தப் போனைப் பயன்படுத்திய காலத்தில் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்ற பொத்தானைத் தொடாமல் இருந்திருந்தால் அசல் படங்கள் முழு அளவில் இன்னும் அதற்குள் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. எங்கள் வேலையில் நாங்கள் முதலில் கேட்கிற கேள்வியே “பழைய போன் இருக்கிறதா?” என்பதுதான். எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தால் கதை முடிந்தது. நல்ல வேளை, நீங்கள் கொடுக்கவில்லை.

அந்தப் போனை அவசரப்பட்டு ஆன் செய்துவிடாதீர்கள். முதலில் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால், மூடி கொஞ்சம் விலகித் தெரியும். அப்படியானால் சார்ஜ் போடவே கூடாது, நேராக சர்வீஸுக்குக் கொண்டுபோய் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். உப்பவில்லை என்றால் சிம் கார்டை வெளியே எடுங்கள், வீட்டு வைஃபை ரௌட்டரை அணைத்துவிடுங்கள், அதன் பிறகு சார்ஜ் போட்டு ஆன் செய்யுங்கள். இணையம் கிடைத்ததும் அந்தப் போனில் உள்ள கூகுள் ஃபோட்டோஸ் தன் கணக்கைச் சரிபார்க்கும். ‘இந்தப் படங்கள் உங்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன, இங்கேயும் நீக்கலாமா’ என்ற மாதிரி ஒரு கேள்வி வரும். கேட்டுத்தான் அழிக்கும் என்றாலும், உடைந்த திரையில் படபடப்போடு தொடும்போது கை எங்கே படும் என்று சொல்ல முடியாது. இணையமே இல்லாமல் இருந்தால் அந்தக் கேள்வியே வராது.

திரையில் வெளிச்சம் இருக்கிறது, ஆனால் தொட்டால் வேலை செய்யவில்லை என்றால், ஓடிஜி என்று ஒரு சின்ன இணைப்பான் கடைகளில் கிடைக்கும். அதன் வழியாகச் சாதாரண கணினி மவுஸைப் போனில் சொருகினால் திரையில் ஓர் அம்புக்குறி வரும், அதை வைத்தே பூட்டைத் திறந்துவிடலாம். திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால் டிஸ்பிளேயை மாற்றத்தான் வேண்டும். டிஸ்பிளே தனிப் பாகம், அதை மாற்றுவதால் படங்களுக்கு ஒன்றும் ஆகாது. அந்த 6000 ரூபாயைச் செலவு செய்வதாக இருந்தால் இதற்குச் செய்யுங்கள். சர்வீஸில் கொடுக்கும்போது “ரீசெட் செய்யக் கூடாது, சாஃப்ட்வேர் ஏற்றக் கூடாது, டிஸ்பிளே மட்டும்” என்று வேலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். சில இடங்களில் வழக்கமாகவே ரீசெட் செய்துதான் திருப்பித் தருவார்கள். எழுதித் தர மாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

போன் திறந்ததும் யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, அறிவிப்பில் ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘டிசிஐஎம்’ என்ற ஃபோல்டர் கேமராவில் எடுத்த படங்கள் இருக்கும் இடம். அதையும், வாட்ஸப் படங்கள் இருக்கும் ஃபோல்டரையும் முழுசாகக் கணினிக்கு நகலெடுங்கள். கட் செய்து ஒட்டாதீர்கள், காப்பி செய்யுங்கள். நடுவில் கேபிள் ஆடினால் கட் செய்தது இரண்டு பக்கமும் இல்லாமல் போகும். நகலெடுத்த படங்களில் பத்துப் பதினைந்தைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் அந்தப் போனுக்கு இணையம் கொடுக்கலாம். என்னைக் கேட்டால், கொடுக்காமலேயே திரும்பப் பீரோவில் வைத்துவிடுங்கள்.

பழைய போனில் மெமரி கார்டு இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அது இன்னொரு நல்ல செய்தி. கேமராப் படங்கள் கார்டில் சேரும்படி வைத்திருந்தால், டிஸ்பிளேயை மாற்றாமலேயே கார்டை மட்டும் கழற்றி, கார்டு ரீடரில் போட்டுப் பார்த்துவிடலாம். கார்டில் அழிந்துபோன படங்களைக்கூடப் பல நேரம் மீட்க முடியும். போனின் உள் சேமிப்பைப் போல அல்லாமல், சாதாரணமாகப் பயன்படுத்திய கார்டில் பூட்டுச் சாவி இருக்காது, அழித்தாலும் புதிதாக ஒன்று அதன் மேல் எழுதப்படும் வரை பழைய படம் அங்கேயே கிடக்கும். ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருள் இந்த வேலையைத்தான் செய்கிறது, நாங்களும் பயன்படுத்துகிறோம். மீட்கிற படங்களை அதே கார்டில் சேமிக்கக் கூடாது, கணினியில் சேமிக்க வேண்டும். கார்டை போனில் போட்டதும் ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்து, ஆட்கள். மணிவிழாவுக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள்? அவர்கள் கையில் எத்தனை போன் இருந்திருக்கும்? குடும்ப வாட்ஸப் குழுவில் “யாரிடமாவது படம் இருந்தால் அனுப்புங்கள்” என்று பொதுவாகப் போட்டால் இரண்டு பேர் அனுப்புவார்கள், மற்றவர்கள் மறந்துவிடுவார்கள். விழா நடந்த தேதியைக் குறிப்பிட்டு, அந்தத் தேதியில் கேலரியைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிடுங்கள். அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸப் படத்தைச் சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே வரும். ஏற்கெனவே சுருங்கிய படம்தான் கிடைக்கிறது என்றாலும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அஞ்சலட்டை அளவுக்கு அச்சிட்டுச் சட்டம் போட அது போதும். நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பிய படங்களும் இருக்கின்றன. உங்கள் சம்பந்தி, நாத்தனார், அண்ணன் என்று யாருக்கு அன்றைக்கு அனுப்பினீர்களோ, அவர்களுடைய போனில் உங்களோடு பேசிய பகுதியில் ‘மீடியா’ என்ற இடத்தைத் திறந்தால் வருடவாரியாக வரும். நீங்கள் உங்கள் பக்கம் அழித்ததால் அவர்கள் பக்கம் இருப்பது அழியாது.

விழாவுக்குப் புகைப்படக்காரர் வைத்திருந்தீர்களா? வைத்திருந்தால் ஆல்பம் போட்டுக் கொடுத்ததோடு அவர் கோப்புகளைத் தூக்கிப் போட்டிருப்பார் என்று நினைக்காதீர்கள். பல ஸ்டூடியோக்காரர்கள் பழைய வேலைகளை ஹார்டு டிஸ்கில் வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். ஆல்பத்தில் சேராத படங்களும் அதில் இருக்கும். உங்களுக்குத் தெரியாமல் எடுத்த ஒரு சிரிப்பு அதில் இருந்தாலும் இருக்கலாம்.

மகளிடம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றைக்கே சொல்லுங்கள். அவருக்கு வருத்தம் இருக்கும், ஆனால் உங்களுக்கு அடுத்தபடியாக அந்தப் படங்கள் அதிகம் இருக்கக்கூடிய இடம் அவருடைய கணக்குதான். நீங்கள் ஒரு பகிர்வு ஆல்பத்தில் போட்டிருந்தால், நீங்கள் அழித்ததும் அங்கிருந்தும் அவை போயிருக்கும். ஆனால் அந்த ஆல்பத்திலிருந்து மகள் தன் கணக்கில் ‘சேவ்’ செய்துகொண்டவை போயிருக்காது. ‘பார்ட்னர் ஷேரிங்’ வைத்து, உங்கள் படங்கள் தானாகத் தன் கணக்கில் சேமிக்கப்படும்படி அவர் செய்திருந்தால், எல்லாமே அங்கே இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பலர் அப்பா அம்மாவின் போனில் இதைச் செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அம்மாவுக்கு அது தெரிந்திருக்காது. 

‘என் கையாலேயே அழித்துவிட்டேன்’ என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். கூகுள் ஃபோட்டோஸில் நமக்குத் தெரிகிற படம், போனில் இருப்பதும் கூகுளில் இருப்பதும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே காட்சி. ஏடிஎம்மில் பணம் எடுத்தால் பாஸ்புக்கிலும் குறைகிற மாதிரி, அங்கே அழித்தால் இரண்டு பக்கமும் அழியும். போனில் இருப்பதை மட்டும் நீக்குவதற்கு வேறு வழி, நான் முன்பு சொன்ன ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’. அது மேலே ஏறிவிட்டதா என்று பார்த்து, ஏறியதை மட்டும் போனிலிருந்து எடுக்கும். குப்பைத்தொட்டிப் பொத்தானும் இதுவும் வேறு வேறு வேலை செய்கின்றன என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. படித்தவர்கள், கணினி வேலையில் இருப்பவர்கள்கூட இதே தவறைச் செய்துவிட்டு என்னிடம் வருகிறார்கள். இதில் குற்றவுணர்வுக்கு இடமே இல்லை.

நீங்கள் அழித்ததில் ஒரு பகுதியால் இடமே கிடைத்திருக்காது என்பதையும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 2021 ஜூன் 1-க்கு முன்பு ‘ஹை குவாலிட்டி’ முறையில், அதாவது கொஞ்சம் சுருக்கப்பட்டு, ஏறிய படங்கள் அந்த 15 ஜிபி கணக்கில் சேராதவை. கூகுளில் இடம் வேண்டும் என்று அவற்றை அழிப்பவர்கள் படத்தையும் இழந்து, இடமும் பெறாமல் நிற்கிறார்கள். இடம் அடைப்பவை பெரும்பாலும் வீடியோக்களும், குழுக்களில் வந்து சேர்ந்த காலை வணக்கப் படங்களும்தான். கை வைப்பதானால் அவற்றில் வையுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு: ஐகிளவுடிலும் இதே கதைதான். ஒரு கருவியில் அழித்தால் எல்லாக் கருவியிலும் போய்விடும். ‘ரீசன்ட்லி டிலீட்டட்’ என்ற ஆல்பத்தில் 30 நாள் இருக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ள வேண்டும். பழைய ஐபோனோ ஐபேடோ அணைந்து கிடந்தால், இணையம் இல்லாமல்தான் ஆன் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டு மாதிரி அது கேட்டுக்கொண்டிருக்காது, இணையம் கிடைத்ததுமே ஒத்திசைந்து அழித்துவிடும். படங்களை வேறு இணையச் சேமிப்புகளில் வைத்திருப்பவர்களுக்கு, அழித்ததை மீட்க ஒன்டிரைவ் தனிநபர் கணக்கில் 30 நாள், டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கிலும் 30 நாள்.

கடைசியாக, மீட்ட படங்களை எப்படி வைத்துக்கொள்வது. கூகுளில் ஒரு நகல் இருக்கட்டும். தேவைப்பட்டால் 100 ஜிபி திட்டத்துக்கு மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய் கட்டுவதில் தப்பில்லை. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி இன்னொரு நகல் வையுங்கள். கூகுளில் இருப்பதை மொத்தமாக இறக்க ‘கூகுள் டேக்அவுட்’ என்று ஒரு சேவை இருக்கிறது. அதில் ஃபோட்டோஸை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்டால், கோப்புகளைக் கட்டி, இறக்கிக்கொள்ள மின்னஞ்சலில் இணைப்பு அனுப்புவார்கள். அது ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும், மறந்துவிடாதீர்கள். ஹார்டு டிஸ்கில் சேர்த்து, திறந்து பார்த்த பிறகு, கணவரின் நல்ல படங்களை மட்டும் தனியாக ஒரு பென் டிரைவில் போட்டு மகளிடம் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் கொஞ்சம் அச்சிட்டும் வையுங்கள். நீங்கள் இரண்டு வருடம் அந்தக் கணக்கைத் திறக்காமலேயே விட்டால் கூகுள் அதை நீக்கிவிடலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கணவருடைய ஜிமெயில் கணக்கு ஒன்று இருந்தால், அதிலும் படங்கள் இருக்கலாம். அவர் போனிலேயே அது திறந்திருந்தால் இப்போதே போய்ப் பார்த்து, படங்களை இறக்கிக்கொள்ளுங்கள்.

பழைய போனின் பேட்டர்ன் நினைவிருக்கிறதா என்பதுதான் இப்போது எனக்குள்ள ஒரே கவலை. பூட்டைத் திறக்காமல் கேபிள் போட்டாலும் படங்கள் தெரியாது. சில போன்களில் பதினைந்து இருபது முறை தப்பாகப் போட்டால் தானாகவே எல்லாவற்றையும் அழித்துக்கொள்ளும்படி வைத்திருப்பார்கள். நான்கைந்து முறைக்கு மேல் தவறினால் நிறுத்திவிட்டு, போனின் மாடல் என்ன என்று எனக்கு எழுதுங்கள். அதுவரை யாரையும் முயன்று பார்க்க விடாதீர்கள்.